ரப்பர் மணம்

கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் நான் மரம் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரி. என் மகளுக்கு நாலு வயதில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். எஸ்டேட் லைனில் பக்கத்து வீட்டுக்காரிகளோ ஒரே பாட்டாகப் பாடினார்கள்: "ஏட்டி, ஒனக்க உடுப்புல உள்ள ரப்பர் மணந்தான் புள்ளைக்கு ஆவல்ல." ரப்பர் பால் நாற்றம் எந்தச் சோப்புக்கும் போகாது. நானும் நம்பித் தொலைத்தேன். பிள்ளையைப் பூதப்பாண்டியில் அக்கா வீட்டில் கொண்டு விட்டேன்.

இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து ஓடுவேன். இரண்டு தடவை தேய்த்துக் குளித்திருந்தாலும் அறையின் அந்தக் கோடியில்தான் உட்காருவேன். அவள் ஓடி வருவாள். "கிட்ட வராத மக்கா, எனக்க மேலுல மணம் உண்டு" என்று விரட்டுவேன். பாவம், நின்ற இடத்திலேயே நின்று பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். அந்த உச்சந்தலையை ஒரே ஒரு தடவை மோந்து பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை! திரும்பும் பஸ்ஸில் யார் பார்த்தாலும் சரி என்று அழுதுகொண்டே வருவேன்.

அங்கே போயும் இழுப்பு விடவில்லை. மூன்றாவது தடவை நிமோனியா வந்தபோது, நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மா பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"எல்லாத் தடவையும் வலது பக்கம் அதே இடம். ஆஸ்துமான்னா ரெண்டு பக்கமும்லா இழுக்கணும்?"

திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். அங்கே மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பட்டாணி அளவில் ஒரு கட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவதாம்.

"ரப்பர் மணத்தால வந்ததா சார்?"

அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார் அங்கிருந்த டாக்டர். எனக்கு வந்த ஆத்திரம்! லைன்காரிகள் மேல் கொஞ்சம், என் மேல் மிச்சம் முழுவதும். ஒரு காரணமும் இல்லாமல் அல்லவா பிள்ளையை இரண்டு வருடம் விரட்டியிருக்கிறேன்.

கட்டி இருந்த துண்டை வெட்டியெடுத்து, குழாயின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். முழுக்க எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்றார்கள். மறுநாள் என்னை அவளிடம் உள்ளே விட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவளின் உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... குளிச்சியா?"

"மூச்சு விடு மக்கா. இனி ஒண்ணும் ஆவாது, விடு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டாள்.