பூச்சி அட்டையும் புளியமரமும்

பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்ததை வயலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில், விளைச்சல் வந்தால் பெயர் விஞ்ஞானிக்கு, வராவிட்டால் திட்டு நமக்கு. இந்த வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உச்சி வெயிலில் வரப்பு மேல் நின்றுகொண்டு, "உங்க காலேஜ்ல வேற வேலயே இல்லியா?" என்ற கேள்வியைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்ட எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

எனக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர். விவசாயம் படித்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் சின்ன ஆராய்ச்சிக் கிளை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். இடஒதுக்கீடு கேட்டு ஊர்வலமும் மறியலுமாக இந்தப் பக்கமே கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் பேராசிரியர் வெளியே நடப்பது எதையும் கவனிக்காமல் ஒரு குளவியை வளர்த்துக்கொண்டிருந்தார். அதை விவசாயிகளின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. விவசாயிகள் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் திட்டத்தை மூடிவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

நைனார்பாளையத்தில் முதல் கூட்டம்

அந்தப் பக்கத்துக் கரும்புக்கு அப்போது பெரிய எதிரி இடைக்கணுப் புழு. கணுவைத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு மருந்து அடித்தாலும் அதன் மேல் ஒரு சொட்டுக்கூடப் படாது. எங்கள் குளவி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுதான் இருக்கும். அது அந்தப் புழுவின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்கவே பிறக்காது. குளவிக் குஞ்சுகள் இருக்கிற முட்டைகளை ஓர் அட்டையில் ஒட்டித் தருவோம். அட்டையைக் கரும்புத் தோகையில் கட்டிவிட்டால் குளவிகள் பொரித்து வெளியே வந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் பால் சொசைட்டி வாசலில் நின்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். எல்லோரும் ரங்கசாமி என்ற பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஜாஸ்தி கரும்பு அவருடையது. அவர் தலையாட்டினால்தான் மற்றவர்கள் ஆட்டுவார்கள். அவர் அட்டையை வாங்கினார், மோந்து பார்த்தார், அதிலிருந்த கறுப்புப் புள்ளிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"வயல்ல இருக்கற பூச்சி பத்தாதுன்னு நீங்க வேற கையில எடுத்தாந்தீங்களாம்மா?"

ஒத்தாசை

அப்படிக் கேட்ட அதே ரங்கசாமிதான் மறு வாரம் ஆள் அனுப்பினார். போன வருஷம் அவர் கரும்பில் பாதி சக்கையாகப் போயிருந்தது. இந்த வருஷமும் அப்படிப் போனால் கரும்பையே விட்டுவிடுவதென்று வீட்டில் பேச்சு நடந்ததாம். "ஒரு ஏக்கர்ல கட்டிப் பாருங்க. ஊருக்குள்ள மட்டும் சொல்லிக்கினு திரியாதீங்க" என்றார். அவர் வயலில் சோகை உரிக்க, அதாவது கரும்பின் காய்ந்த தோகையைக் கழிக்க, வரும் அஞ்சலைதான் எனக்குத் துணை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் கரும்புக்குள் அவள் நடக்கிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. தோகை கையைக் கிழிக்கக் கிழிக்க இரண்டு பேரும் அட்டை கட்டி முடித்தோம்.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், வரப்பில் கால் வைக்கும்போதே மருந்து வாடை ஆளைத் தூக்கியது. குளவிகள் எல்லாம் செத்துப்போயிருந்தன. நேராக ரங்கசாமியிடம் போனேன். மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான் என்று அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னேனே என்றேன். ரங்கசாமி நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர் மனசில் கள்ளம் எதுவும் இல்லை.

"உங்க பூச்சி தனியாளா கஷ்டப்படுதேன்னு, அதுக்கு ஒத்தாசயாத்தாம்மா நான் மருந்தடிச்சேன்!"

கம்பு தேடி மலை ஏறியது

குளவி வளர்க்க வேண்டும் என்றால் முதலில் அது தன் முட்டையை வைக்க வேறொரு பூச்சியின் முட்டை வேண்டும். முட்டைக்காக ஓர் அந்துப்பூச்சியை வளர்ப்போம். அந்துப்பூச்சியின் புழுவுக்குச் சாப்பாடு கம்பு. ரங்கசாமி வயலுக்கு மறுபடியும் அட்டை தயாரிக்கலாம் என்று பார்த்தால், தட்டுத் தட்டாகப் புழுக்கள் செத்து விழ ஆரம்பித்தன. கடையில் வாங்கிய கம்பில் வண்டு விழாமல் இருக்கப் பொடி கலந்திருந்தார்கள். எத்தனை தடவை கழுவிக் காயவைத்தாலும் விஷம் போகவில்லை. "மருந்தே படாத கம்பு எங்க கிடைக்கும்?" என்று பேராசிரியர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மருந்துக்கடையே இல்லாத ஊரில் கிடைக்கும் என்று சொன்னேன்.

கச்சிராயபாளையம் தாண்டி ஜீப்பில் கல்வராயன் மலை ஏறினோம். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், சாமையும் தினையும் போட்டிருந்த சரிவுகளுக்கு நடுவில், ஆண்டி என்பவர் கொஞ்சம் கம்பும் போட்டிருந்தார். அப்போதுதான் அடித்துத் தூற்றியிருந்தார்கள். கையில் அள்ளி முகர்ந்தால் வெறும் தானிய வாசனைதான். இருக்கிறதையெல்லாம் வாங்கிக்கொள்கிறோம் என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கீழ் நாட்டுக்காரர்கள் அரிசிச் சோறு தின்கிறவர்களாயிற்றே, இத்தனை கம்பு எதற்கு என்று கேட்டார். புழுவுக்கு என்று உண்மையைச் சொன்னேன். கம்பில் வண்டு விழாமல் பார்த்துக்கொள்ள வருஷம் முழுக்கப் பாடுபடுகிற மனிதர் அவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்:

"இங்க வந்து பாரு, நம்மள மாதிரி மனுசாளு திங்கற கம்ப பூச்சிக்கு விருந்து வெக்க வாங்கினு போறாங்களாம். நல்லதா பாத்து அளந்து போடு!"

வெட்டிப்போட்ட புளியமரம்

மலைக் கம்பைத் தின்று புழுக்கள் கொழுத்தன. அதற்குள் ரங்கசாமியும் மருந்துப் பம்பைப் பரண் மேல் ஏற்றிவிட்டார். முதலில் தயாரான அட்டைகளை நானும் அஞ்சலையும் மறுபடியும் அவர் வயலில் கட்டினோம். அவர் கட்டிப்பார்க்கிறார் என்று தெரிந்ததும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் அட்டை கேட்டு ஆள் வந்தார்கள். இந்தப் பருவத்தில் பலன் தெரிந்தால்தான் திட்டம் பிழைக்கும். அட்டைகள் கறுத்துத் தயாராகி, மறுநாள் காலையில் குளவிகள் வெளியே வந்துவிடும் என்ற நிலையில், சாலை மறியல் தொடங்கியது. பஸ் கிடையாது. கடைகள் மூடிவிட்டன. "போகாதேம்மா, அட்டை போனா போகட்டும்" என்றார் பேராசிரியர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஈரத் துணி சுற்றிய பானைக்குள் அட்டைகளை அடுக்கிக்கொண்டு, டிரைவர் முனுசாமியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பிவிட்டேன்.

சின்னசேலம் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன் மேலும் பக்கத்திலும் ஐம்பது அறுபது பேர். சர்க்கார் நம்பர் போட்ட ஜீப்பைப் பார்த்ததும் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒருத்தன் பானட்டில் ஓங்கித் தட்டினான். முனுசாமி இஞ்சினை அணைத்துவிட்டார். நான் பானையை மடியோடு இறுக்கிக்கொண்டேன். அந்த நாட்களில் எல்லா இடத்திலும் எல்லாமே நல்லபடியாக முடிந்துவிடவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பானையில் என்ன என்று கேட்டார்கள். குண்டு என்று எவனாவது நினைத்துவிடப் போகிறானே என்று அவசரமாகத் துணியை விலக்கி ஓர் அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"இன்னாம்மா இது, மரம் தேய்க்கற உப்புக்காகிதமா?" என்றான் ஒருத்தன். குளவி, இடைக்கணுப் புழு, நாளைக் காலை என்று திக்கித் திணறிச் சொன்னேன். கூட்டத்துக்குத் தலைவன்போல மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த இளைஞன் எழுந்து வந்தான். வேலு என்று பெயர் சொன்னான். அவனுக்கும் கரும்புதான், அதிலும் புழுதான். அட்டையை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். நாளைக்குள் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். எல்லாம் பானைக்குள்ளேயே பொரித்துச் செத்துப்போகும் என்றேன். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தீர்ப்புச் சொன்னான்:

"வண்டி போவக் கூடாதுங்க மேடம். பூச்சி போவலாம்."

ரோட்டில் நடந்த வகுப்பு

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அட்டை போய்ச் சேர வேண்டிய ஊர்க்காரர்கள்தான். ஆளுக்கொரு சைக்கிள் இருந்தது. ரோட்டில் வராமல் ஏரிக்கரை, வாய்க்கால் கரை என்று குறுக்கு வழியில் போய்விடலாம். ஆனால் சும்மா கொடுத்தனுப்பினால் வெயில் படுகிற பக்கமாகக் கட்டிவைப்பார்கள், எறும்பு வந்து தின்றுவிட்டுப் போகும். அதனால் கட்டும் முறையை அங்கேயே சொல்லிக் கொடுத்தேன். வெட்டிப்போட்ட மரத்தின் மேல் என்னை ஏற்றி நிற்க வைத்தார்கள். பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு கரும்பை ஒடித்துவந்து கையில் கொடுத்தார்கள். தோகையின் அடிப்பக்கம், நிழலில், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, மருந்து அடிக்கவே கூடாது. திரும்பச் சொல்லச் சொன்னேன். கோஷம் போடுகிற அதே குரலில் அத்தனை பேரும் திரும்பச் சொன்னார்கள். "மருந்து அடிக்காதே! மருந்து அடிக்காதே!" எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறேன். அப்படி ஒரு வகுப்பு எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

அட்டைகளை ஈரத் துணியில் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிள்கள் வரிசையாக வாய்க்கால் கரையில் இறங்கிப் போயின. பானை காலியானது. கடைசிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்ட வேலு, சைக்கிளில் ஏறப்போனவன் நின்று சொன்னான்:

"காலேஜ்ல எங்களுக்கும் எடம் குடுங்கன்னுதான் நாங்க ரோட்டுக்கு வந்தோம். காலேஜே ரோட்டுக்கு வந்து பாடம் எடுத்துட்டு போவுதே!"

பிளந்து பார்த்த கரும்பு

கரும்பு வெட்டு ஆரம்பித்த அன்று விடிவதற்கு முன்பே ரங்கசாமி வயலுக்குப் போய்விட்டேன். பேராசிரியர் வந்திருந்தார், மேலிடத்து அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். ரங்கசாமி வரப்பில் நின்றுகொண்டு, அட்டை கட்டிய வயலிலிருந்து ஒரு கட்டும் கட்டாத வயலிலிருந்து ஒரு கட்டும் கொண்டுவரச் சொன்னார். யார் பேச்சையும் நம்பாத அந்த மனிதர், கத்தியை வாங்கித் தானே கரும்பை நெடுக்கப் பிளந்தார். கட்டாத கரும்பில் கணுவுக்குக் கணு சிவந்த ஓட்டை. கட்டிய கரும்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிளந்துகொண்டே போனார். உள்ளே மொழுமொழுவென்று வெள்ளையாக இருந்தது. எங்கேயோ ஒன்றிரண்டில்தான் புழு பட்டிருந்தது. அதிகாரி குனிந்து குனிந்து பார்த்தார். திட்டம் தொடரும் என்று அவர் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு அந்த வரப்பிலேயே தெரிந்துவிட்டது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ரங்கசாமி ஒரு துண்டை வெட்டி என்னிடமும் ஒரு துண்டை அஞ்சலையிடமும் கொடுத்தார். அஞ்சலை அதைக் கடித்து மென்று சாற்றை விழுங்கும் வரை நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"கட்டுனது நானும் ஆபீசரம்மாவும், இனிப்பு மட்டும் ஊருக்கெல்லாம்!"

லேபுக்கு வந்த விருந்தாளி

அடுத்த பருவத்துக்கு ஊர்கள் கேட்ட அட்டைகளை எங்கள் கட்டடத்தில் தயாரிக்க முடியவில்லை. தயாரிப்பையே ஊருக்குள் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கூலி வேலைக்குப் போகிற பெண்களால் முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. முடியும் என்று பேராசிரியர் என் பக்கம் நின்றார். நைனார்பாளையத்தில் மூடிக்கிடந்த மாவு மில்லை வாடகைக்குப் பிடித்தோம். அஞ்சலையும் இன்னும் நாலைந்து பெண்களும் எங்களிடம் வந்து படித்துக்கொண்டு போனார்கள். அந்துப்பூச்சி வளர்ப்பது, முட்டையைச் சலிப்பது, அட்டையில் ஒட்டுவது, குளவியை விடுவது எல்லாமே அவர்கள் கையில். ஆண்டி மலையிலிருந்து கம்பு அனுப்பினார். வேலு சைக்கிளில் அட்டை கொண்டுபோய்க் கொடுத்தான். வெயில் காலத்தில் வயலில் வேலை இல்லாத நாட்களிலும் அந்தப் பெண்களுக்கு வேலை இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய அன்றைக்கு அஞ்சலை புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய விஞ்ஞானி ஒருவர் பார்க்க வந்தார். பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு, வரவேற்பு எதிர்பார்த்து நேராக உள்ளே நுழையப் போனார். ஷூவோடு எறும்பு ஏறி வந்தால் ஒரு ராத்திரியில் அத்தனை முட்டையும் போய்விடும். வாசலில் குறுக்கே கை நீட்டி அவரை நிறுத்திய அஞ்சலை, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொன்னாள்:

"ஷூவ வெளிய வுட்டுட்டு, கால அலம்பினு உள்ள வாங்க சார். கோயிலுக்குன்னா நீங்க எப்படி வேணா போங்க, இது லேபு."

இத்தனை வருஷத்தில் என் பெயர் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் வந்ததில்லை, ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பும் எந்த டவுன் பஸ்ஸிலும் யாராவது ஒரு கரும்புக்காரர் எழுந்து இடம் கொடுத்துவிடுவதால் எனக்கு நின்றுகொண்டு போகிற வேலையும் இருந்ததில்லை.