பெட்டிக்காக வெட்டிய மரம்

எங்கள் வீட்டு மிக்ஸி நின்றுபோய் ஒரு மாதம் ஆகப்போகிறது. என் வீட்டுக்காரர் இன்னும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இது எங்கள் குடும்பத்தில் லேசுப்பட்ட விஷயமில்லை.

எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால்தான் இவருக்கு உயிர் நிலைக்கு வரும். கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, பிள்ளையின் பொம்மை, எதுவும் தப்பியதில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பெரிய பெரிய கட்டடங்களில் ஜனங்கள் இவர் கையை நம்பித்தான் ஏறி இறங்குகிறார்கள். அந்தக் கெத்து கொஞ்சம் உண்டு. "இதுக்குப் போய் எதுக்கு மெக்கானிக்? நான் இல்லையா?" என்பார். கழற்றிப் போடுவார். அப்புறம் நான் மெக்கானிக்கைக் கூப்பிடுவேன்.

வேலையிடத்தில் இவருக்கு 'சிக்னல்' என்று பெயர் விழுந்தது, கிரிப்டோ பெட்டி வாங்கிய பிறகுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, அதன் தலையில் குச்சி போல ஓர் ஆன்டெனா. வீட்டு இன்டர்நெட்டோடு இணைத்து ஜன்னலோரம் வைத்துவிட்டால், அக்கம்பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கருவிகளுக்கு அது சிக்னல் கொடுக்குமாம். அதற்குக் கூலியாக டிஜிட்டல் காசு சேருமாம். ஒரே ஒரு நிபந்தனை. நம் பெட்டி பேசுவது அந்தப் பகுதியில் உள்ள மற்ற பெட்டிகளின் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் காசு கிடையாது.

எங்கள் பெட்டி ஏதோ செல்போன் ரீசார்ஜுக்கு ஆகிற அளவுக்குச் சம்பாதித்தது. அதோடு சும்மா இருந்தாரா? தங்கைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். என் நாத்தனாருக்கு அண்ணன் சொன்னால் வேதவாக்கு. அவள் புருஷன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர், ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். விடிய விடிய அடுப்படியில் நின்றுவிட்டு வந்து பகலில்தான் தூங்குவார்.

இந்த மாதிரிப் பெட்டிக்கு மைனர் என்று பெயர். நாத்தனார் வீட்டுப் பெட்டி பெயருக்கேற்ற மைனர்தான். அலங்காரமாக உட்கார்ந்திருந்தது, சல்லிக்காசு சம்பாதிக்கவில்லை. அது பேசுவது ஒரு பெட்டியின் காதிலும் விழவில்லை. இவர் போய் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "மரம் மறைக்குது" என்று தீர்ப்புச் சொன்னார்.

பெட்டி வைத்திருந்த படுக்கையறை ஜன்னலை ஒட்டி ஒரு பாதாம் மரம் நின்றது. தட்டு தட்டாக இலை. நண்பகலிலும் அந்த அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருக்கும். அந்த நிழலில்தான் தம்பி தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மரத்தை வெட்ட அவருக்கு மனசே இல்லை. நாத்தனார் விடவில்லை. நச்சரித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் வெட்ட வைத்துவிட்டாள். வெட்டின பிறகும் பெட்டி வாய் திறக்கவில்லை. "உங்க வீடு பள்ளத்துல இருக்கு, அதான்" என்று இவர் இரண்டாவது தீர்ப்பைச் சொல்லிவிட்டு வந்தார்.

தம்பி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஜன்னலில் ஈரப் போர்வையைக் கட்டிவிட்டுத் தூங்கப் பழகிக்கொண்டார்.

சில மாதங்களுக்கு முன், பெட்டியைத் தயாரித்த கம்பெனி கடையைச் சாத்தியது. ஊரிலுள்ள பெட்டிகள் எல்லாம் மூச்சடங்கின. பிறகு யாரோ புண்ணியவான்கள், பழைய பெட்டிகள் வேறொரு நெட்வொர்க்கில் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி புது சாஃப்ட்வேர் எழுதி வெளியிட்டார்கள். பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் மெமரி கார்டை எடுத்து, லேப்டாப்பில் செருகி, பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். எங்கள் பெட்டியில் ஏற்றிய அன்று, உள்ளே எது எது எங்கே போகிறது என்று எனக்கு ஒரு பாடமே நடத்தினார். பச்சை விளக்கு எரிந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"தங்கச்சி வீட்டுப் பெட்டிக்கும் போட்டுடலாம். மாப்பிள்ளை முன்னாடி தலை நிமிர்ந்து நிக்கணும்" என்றார்.

விடுமுறை நாளில் காலையிலேயே போனோம். தம்பி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். புருவத்தில் மாவு, கண்ணெல்லாம் சிவப்பு.

"நீங்க போய்ப் படுங்க மாப்பிள்ளை."

"பரவால்ல மச்சான். நான் டார்ச் பிடிக்கிறேன்."

நாத்தனார் பெட்டியைத் துணியால் துடைத்துக் கொண்டுவந்தாள். பைசா பெறாத பெட்டியை இத்தனை காலமும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். இவர் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். மெமரி கார்டு, உள்ளே இருந்த சர்க்யூட் போர்டுக்கு அடியில் இருந்தது. போர்டைத் தூக்கியவரின் கை அப்படியே நின்றது.

நான் எட்டிப் பார்த்தேன். உள்ளிருந்து ஆன்டெனாவுக்குப் போகிற மெல்லிய ஒயர். அதன் நுனியில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு பித்தளைக் குமிழ். அது போர்டில் தன் இடத்தில் உட்காராமல் தனியாகக் கழன்று கிடந்தது. பாடம் கேட்டவளாயிற்றே, எனக்கே புரிந்துவிட்டது. இந்த ஒயர் இல்லாமல் பெட்டிக்கு வாயே இல்லை.

இந்தப் பெட்டியை இதற்கு முன் ஒரே ஒருவர்தான் திறந்திருக்கிறார். வாங்கிக் கொடுத்த அன்று, இதே மேஜையில், "உள்ள எவ்ளோ அழகா இருக்கு பாருங்க மாப்பிள்ளை" என்று காட்டுவதற்காக.

இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் கட்டைவிரலால் குமிழை அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. டார்ச் பிடித்தபடியே கண் சொக்கியிருந்த தம்பி நிமிர்ந்தார்.

"என்ன மச்சான் சத்தம்?"

"ஒண்ணுமில்ல. கார்டு சரியா உக்காந்துச்சு."

எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், இவர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். நாத்தனார் வீட்டில் தலை குனிந்து நிற்க யாருக்குப் பிடிக்கும்?

புது சாஃப்ட்வேர் ஏறியது. பெட்டியை மின்சாரத்தில் செருகியதும் விளக்கு ஆரஞ்சாக மினுக்கி, நெடுநேரம் கழித்துப் பச்சையானது. நாத்தனாரின் போன் டிங் என்றது. பக்கத்திலிருந்த ஒரு பெட்டி இதன் பேச்சைக் கேட்டுவிட்டதாம். மறுபடி டிங். இன்னொரு டிங்.

"பாத்தீங்களா! எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் சொல்லல?" நாத்தனார் புருஷனைப் பார்த்துக் கேட்டாள். இதைச் சொல்ல அவள் எத்தனை நாள் காத்திருந்தாளோ.

தம்பி மனசாரச் சிரித்தார். "நிஜமாவே சாஃப்ட்வேர் ஜோர் மச்சான். அப்போ மரத்தை வெட்டினது வீண் போகல."

சாப்பாடு போட்டாள். இவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, இது சாஃப்ட்வேரால இல்ல" என்றார். "உள்ள ஆன்டெனா ஒயர் கழண்டு கிடந்துச்சு. முதல் நாள் நான்தான் திறந்தேன், நான்தான் சரியா மாட்டாம விட்டேன். இப்பக்கூட உங்ககிட்ட கார்டுன்னு பொய் சொன்னேன். அந்த மரம் ஒரு தப்பும் பண்ணல."

போன் மட்டும் டிங் டிங் என்று தன் பாட்டுக்கு வெற்றியை அறிவித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் எழுந்து போய் அதன் வாயை அடைத்தாள். திரும்பியவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வாரம் அவர்கூட முகம் கொடுத்துப் பேசலண்ணா நான், அந்த மரத்தை வெட்டச் சொல்லி."

இவர் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். தங்கை சொன்ன இந்த ஒற்றை வரிக்கு உட்கார்ந்த இடத்திலேயே கூனிப்போனார். எனக்கும் அவமானம் பிடுங்கித் தின்றது. அண்ணனை நம்பியதற்கு அவளல்லவா புருஷன் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள்.

தம்பி கை கழுவிவிட்டு வந்தார். கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. "ராத்திரி வேலை இருக்கு. கொஞ்சம் படுக்கிறேன்" என்று உள்ளே போனார்.

ஜன்னல் போர்வை அதற்குள் வெயிலில் மொரமொரவென்று காய்ந்திருந்தது. நாத்தனார் அதை அவிழ்த்து வந்து வாளியில் முக்கிப் பிழிந்தாள். மறுமுனையை அண்ணனிடம் நீட்டினாள்.

"பிடிண்ணா."

இவர் ஸ்டூலில் ஏறி நின்றார். போர்வையின் ஈரம் கையில் வழிந்தது. வெட்டுண்ட அடிமரம் ஜன்னலுக்கு நேர் கீழே தெரிந்தது. கட்டிலிலிருந்து தம்பியின் குரல், எப்போதும் போலத் தணிந்து, வந்தது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இழுத்துக் கட்டுங்க மச்சான். வெயில் நேரா கண்ணுல அடிக்குது."