இரண்டு விரலைக் காட்டினால் பலூன்

போனின் முதுகில் விளக்கு எரிவதெல்லாம் வெட்டி வேலை என்று என் மகன் சொன்ன அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பிள்ளை ஆசையாகப் புதுசு வாங்கித் தருகிறானே என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால், அவன் மேல், என் மேல், அந்தப் போனைச் செய்தவன் மேல், எல்லார் மேலும்தான்.

எனக்குக் காது கேட்காது. பிறவியில் இல்லை. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் இருபத்து மூன்று வருசம் நின்றேன். அறுந்த நூலை ஒட்டுவதுதான் வேலை. அந்த ஹாலுக்குள் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். காதுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, தரையில் கிடக்கிற பஞ்சை உருட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார் மேஸ்திரி. வைத்துக்கொண்டோம். முதலில் குயில் சத்தம் போனது, பிறகு குக்கர் விசில், கடைசியில் மனுசர் பேச்சும் போனது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னவனைப் பிடித்து மிஷின் பக்கத்தில் ஒரே ஒரு ஷிப்டு நிறுத்த வேண்டும். அப்புறம் ஊதட்டும் சங்கை.

மில்லில் நாங்கள் கையால் பேசிக்கொள்வோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நின்று நின்று தானாக வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகினால் நூல் அறுந்திருக்கிறது. மேலுதட்டைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு கட்டைவிரலையும் கீழே காட்டினால் நிறுத்து. இரண்டு விரலை விரித்துக் காட்டினால் நாம் இரண்டு பேரும். அதோடு உதட்டைப் படிப்பதும் சேர்ந்துகொண்டால் ஒரு குடும்பக் கதையையே பேசி முடித்துவிடுவோம். எனக்கு எதிர் வரிசையில் நின்றவள் ஒருத்தி. என்னைவிட நாலு வயது இளையவள், அக்கா என்பாள். அவளுக்கும் காது போய்விட்டது. நான் மில்லை விட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்த பிறகும் அவள் அங்கேயே வேலை பார்க்கிறாள். எழுத்து வராது, தன் பெயரை மட்டும் போடுவாள். அதனால் மெசேஜ் எல்லாம் எங்களுக்குள் கிடையாது. தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். சத்தமே இல்லாமல் அரை மணி நேரம் பேசுவோம். வேறு யாரோடு பேசினாலும் நான் அவர்கள் வாயையே வெறித்துப் பார்த்துப் பாதியை ஊகிக்க வேண்டும். அவளோடு மட்டும்தான் எனக்கு அந்தப் பாடு கிடையாது.

அந்தப் பழைய போன் என் மகன் இரண்டு வருசம் வைத்திருந்து எனக்குக் கொடுத்தது. அதன் முதுகில் கோடு கோடாக விளக்கு. ஆளுக்கு ஒரு மாதிரி எரிய வைக்கலாம். அவளுக்கு மூன்று நீளமாக, மகனுக்கு இரண்டு வெட்டு, மற்ற எல்லாருக்கும் ஒன்று. போனைக் கவிழ்த்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவேன். விளக்கு எரிந்தால் யாரென்று எழுந்து போகாமலே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என்னக்கா, போனுக்கு சீரியல் செட்டு போட்டிருக்கீக?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கு மணி அடித்தால் கேட்கும்.

பொங்கலுக்கு வந்த மகன் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அவன் போன்களைப் பற்றி மணிக்கணக்கில் வீடியோ பார்க்கிறவன்.

"இதெல்லாம் கிம்மிக்கும்மா."

"அப்படின்னா?"

"சும்மா பகட்டு. வாங்க வைக்கிறதுக்குன்னு வைப்பாங்க. ஒரு பிரயோசனமும் கிடையாது."

எனக்கு அது காது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் திரும்பிவிட்டான். முகம் திரும்பிவிட்டால் எனக்குப் பேச்சு முடிந்தது. மறுநாள் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு வாங்கி வந்துவிட்டான். மெல்லிசு, ஓரமெல்லாம் வளைந்த கண்ணாடி, முதுகு மொழுக்கென்று இருந்தது. அதில் இல்லாத வித்தை இல்லையாம். வீடியோவில் பேசும்போது கையை எப்படிக் காட்டினாலும் போன் புரிந்துகொள்ளுமாம். இரண்டு விரலைக் காட்டினான், திரையில் கலர் கலராகப் பலூன் கிளம்பியது. இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினான், வாணம் வெடித்தது. கவிழ்த்தான், மழை கொட்டியது. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

அதன் பிறகு என் மில் கூட்டாளியைச் சாயங்காலம் நானே கூப்பிட்டு, வழுக்குகிற அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதட்டாலேயே பேசிவந்தேன். மாசி மாதம் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. வேடசந்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பயம். எங்களோடு நின்றவர்களில் நாலைந்து பேர் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு இடுப்பு வலியால் நிற்க முடியாமல் மில்லை விட்டதைக் கண்ணால் பார்த்தவள் அவள். நின்றால்தான் அவளுக்குச் சோறு. "நீ கூட வாக்கா, திண்டுக்கல்ல பெரிய டாக்டரம்மா ஒருத்தர்ட்ட கேப்போம். அவுகளும் எடுக்கணும்னா எடுத்துருவேன்" என்றாள். வெள்ளிக்கிழமை போவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் எந்தத் தாளிலும் பெயரைப் போடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை காலையில் வலி தாங்காமல் புருசன் அவளை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டான். இன்றைக்கே ஆபரேசன் என்று சொல்லி, அவனிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். இனி இவள் போட வேண்டியது மட்டும் பாக்கி. நர்ஸ் முகத்தில் மாஸ்க். உதடு தெரியாமல் என்னத்தைப் படிப்பாள்? தாளை நீட்டுகிறார்கள், பேனாவை நீட்டுகிறார்கள், இவள் போனை எடுத்து என்னைக் கூப்பிடுகிறாள். மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். போன் கட்டிலில் கிடந்தது, மெத்தையில் அது அதிர்ந்தது எனக்கு எங்கே தெரியும்? நான் அடுப்படியில் சாவகாசமாக வெஞ்சனத்துக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். நாலாவது தடவை தற்செயலாக மணி பார்க்க எடுத்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

"அக்கா, போடச் சொல்றாக. போடவா?"

போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் சொன்னேன். நிறுத்து. நான் வாரேன். நாம ரெண்டு பேரும் போவோம். இரண்டு கட்டைவிரலையும் கவிழ்த்துக் காட்டினேன், இரண்டு விரலை விரித்துக் காட்டினேன், ஒரு தடவை இல்லை, நாலு தடவை. திரையின் மூலையில் என் படம் நகத்தளவு தெரிந்தது. அதற்குள் என்னமோ கலர் கலராக ஓடியது. நான் அதைக் கவனிக்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் ஒரு நொடி குழம்பி, பிறகு மெதுவாகத் தெளிந்தது. நான் சொன்னது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தலையாட்டினாள். இணைப்பு அறுந்தது.

அவசரமாகச் சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்த நகத்தளவு படமும் அதில் ஓடிய கலரும் என் புத்தியில் உறைத்தது. என் உதட்டையும் கையையும் அவள் எங்கே பார்த்திருப்பாள்? கையை மழை மறைத்திருக்கும், முகம் பூராவும் பலூன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நான் போய் இறங்கும்போது அவளை உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. புருசன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். "நீங்கதான் சந்தோசமா போடச் சொன்னீகளாமே" என்றான். அந்த டம்ளரைத் தட்டிவிடலாம் போல இருந்தது.

அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து மகனுக்கு எழுதினேன். நடந்ததைப் பூராவும் எழுதினேன். அவனிடமிருந்து பதில் வந்தது.

"அத செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிரலாம்மா. ரெண்டு நிமிசம்தான். கால் வந்தா ஃபிளாஷ் அடிக்கிற மாதிரியும் வைக்கலாம். டென்சன் ஆகாதீங்க."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. எழுதி ஆகாது என்று மைக்கை அழுத்திப் பேசினேன். என் குரல் எனக்குக் கேட்காது, ஆனால் வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலே, ரெண்டு நிமிசம்னா வாங்கிக் குடுத்த அன்னைக்கே ஏன்டா பண்ணல? எல்லாம் தெரிஞ்சுதான வச்சிருந்த? உங்காத்தா கையாலதான் பேசுவான்னு உனக்குத் தெரியாதா? இம்புட்டு வருசத்துல அவ கை என்ன சொல்லுதுன்னு ஒரு நாளாவது பாத்திருக்கியா? அந்த விளக்கு பகட்டாம், இந்தப் பலூன் வசதியாம்! எது உருப்படி எது பகட்டுன்னு சொல்ல நீ யாருடா? காது கேக்குறவன் நீ. என் காதக் கழட்டி எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு வந்துட்டு டென்சன் ஆகாதீங்கங்குற. ஒரு பொம்பளயோட வயித்தக் கிழிச்சுட்டாகடா உள்ள!"

அவன் கெட்டவன் இல்லை, அது எனக்கும் தெரியும். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். அந்தப் போனைச் செய்த மகராசன்களும் ஒருத்தி கையால்தான் பேசுவாள் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். கையைத் தூக்குகிறவன் எல்லாம் பிறந்தநாள் கொண்டாடுகிறான் என்று யாரோ எங்கேயோ முடிவு பண்ணிவிட்டான். நினைத்துப் பார்க்காததற்கு யாரைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது?

டாக்டர் சொன்னது தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். எடுத்தது நல்லதுக்கே கூட இருக்கலாம். எனக்கு அது தெரியாது. ஆனால் இன்னொருத்தரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று அவள் இருந்தாள். அவள் உடம்பு, அவள் கேட்டது அந்த ஒன்றுதான்.

மறுநாள் காலையில் உள்ளே விட்டார்கள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். புருசன் இட்லி வாங்கப் போயிருந்தான். அவள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினாள்.

"பயமாத்தான் இருந்துச்சுக்கா. நீ பலூனெல்லாம் விட்டு வாழ்த்துனியே. நர்ஸும் பாத்துட்டு, மாஸ்க்க எறக்கி, உங்கக்கா சரிங்கிறாக பாரு, போடுன்னுச்சு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்."

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். தலையாட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. போனது திரும்பி வரப்போவதில்லை. ராத்திரி வராந்தாவில் படுத்திருந்தபோதே அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் இத்தனை வருசத்தில் அவளுக்குக் கையால் நான் பொய் சொன்னதில்லை, அப்போதும் வரவில்லை. இரண்டு கட்டைவிரலையும் கவிழ்த்தேன். இரண்டு விரலை விரித்தேன். இதைத்தான் சொன்னேன், பலூன் விட்டது போன் என்றேன்.

அவள் என் கையையே பார்த்தாள். இன்னொரு தடவை சொல்லு என்று கண்ணால் கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன். அவள் கை போர்வைக்குள் நகர்ந்து வயிற்றின் மேல் நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை, இமை துடித்துக்கொண்டிருந்தது. நான் என்ன சொல்ல வந்தாலும் இனி அவளாகக் கண் திறக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.