‘ரெண்டே நாள்’ வில்பர்ட்

காலை ஏழு மணிக்கு வில்பர்ட் ஸ்பின்னி தம் செடிகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறார். இரவு உடுப்பின் மேல் கம்பளிக் கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் மெஷின். வாங்கிய நாளிலிருந்து அந்த மெஷின் ஓர் இலையைக்கூடத் தள்ளியதில்லை. முற்றம் முழுக்க மேப்பிள் இலைகள் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கின்றன. மெஷின் செடிகளுக்கு மட்டும்தான். கனடாவின் ஃபண்டி விரிகுடாவிலிருந்து இரவில் வந்து இறங்கிய மூடுபனியை ஒவ்வொரு பூவிலிருந்தும் ஊதி ஊதி உலர்த்துகிறார். அவருடைய சொந்தத் தலை எட்டுத் திக்கும் பிய்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு மத்தியானம்தான் முறை வரும்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் ஆர்மான் தினமும் இந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறார். வேலியோரம் காப்பிக் கோப்பையோடு வந்து நின்று கத்துவார்.

“யோவ் வில்பர்ட்! துவட்டினது போதும். பவுடர் அடிச்சு, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வையி!”

“நீ உன் ஆப்பிளைப் பாருய்யா.”

“என் ஆப்பிளெல்லாம் கிட்டங்கிக்குப் போயி ரெண்டு வாரமாச்சு. உன் பயிருதான் இன்னும் ஊரை வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்குது.”

நிற்பவை நாலு கஞ்சாச் செடிகள். வீட்டுக்கு நாலு என்பது கனடா அரசாங்கத்தின் கணக்கு. ஒரு வருடம் ஐந்தாவது ஒன்று எருக்குழியில் தானாக முளைத்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து அதைப் பிடுங்கிய வில்பர்ட், இரண்டு நாள் துக்க வீட்டுக்காரர் போலவே நடமாடினார். இவ்வளவுக்கும் அவர் புகைப்பவர் அல்லர். ஆயுளில் ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்தார். அன்று குளிர்பெட்டிக் கதவைச் சற்று வேகமாகச் சாத்தியதற்காக அதனிடம் மன்னிப்புக் கேட்டார் என்று மனைவி பியூலா இன்றும் விருந்தாளிகளிடம் சொல்கிறார். வில்பர்ட் மறுப்பதில்லை. “மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்பார்.

செடிகள் பியூலாவின் கைகளுக்காக. அறுபத்தொன்பது வயதில் அந்த விரல்களின் முட்டிகள் இஞ்சிக் கிழங்காகப் புடைத்துவிட்டன. குன்றின் மேலிருக்கும் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் நாற்பது வருடம் ஆர்கன் வாசித்த கைகள் அவை. வில்பர்ட் பூக்களைக் காயவைத்து, எண்ணெயில் ஒரு நாள் முழுக்கப் பதமாகக் காய்ச்சி, தேன்மெழுகு சேர்த்துக் களிம்பாக்குவார். சாப்பிட்டு முடித்ததும் மனைவியின் ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு முட்டிக்கும் தேய்த்துவிடுவார். கால் மணி நேரம் ஆகும். வலி குறைவது களிம்பாலா, அந்தக் கால் மணி நேரத்தாலா என்று இருவருமே ஆராய்ந்ததில்லை. அரசுக் கடையில் விற்கும் களிம்பை ஒருமுறை வாங்கி வந்தார்கள். “ஓட்டல் சோப்பு வாசம் அடிக்குது” என்று பியூலா அதை நாய்க்குத் தேய்த்துவிட்டார்.

மீந்த களிம்பு தேவாலயப் பெண்களுக்குப் போகும். பழைய சாமந்திக் களிம்பு டப்பாக்களில், பழைய லேபிளோடு. ஆராதனை முடிந்து படியிறங்கும்போது, “வில்பர்ட், அந்தச் சாமந்தி தீந்துபோச்சு” என்று திருமதி கோர்க்கம் காதோரம் சொல்வார். திருமதி கோர்க்கம் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். போதகருக்கு எல்லாம் தெரியும். அவருக்கும் முழங்கால் இருக்கிறது.

இவ்வளவு அக்கறையாக வளர்ப்பவருக்கு ஒன்றே ஒன்று வராது. வெட்ட வராது.

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று அவரிடம் இருக்கிறது. செப்டம்பர் பிறந்தால் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். பூவின் மேல் பிசின் மணிகள் முதலில் கண்ணாடி நிறத்தில் இருக்கும், பிறகு பால் நிறம், கடைசியில் தேன் நிறம். பால் திரண்டு தேன் தட்டும்போது வெட்டிவிட வேண்டும் என்பது இந்த ஊர்ப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். வில்பர்ட்டுக்கு ஒரு மணி தேன் கண்டால் இன்னும் பத்து மணி காண ஆசை வந்துவிடும். “இன்னும் ரெண்டே நாள். வந்துரும்” என்பார். ஊரில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. காப்பிக் கடைப் பெண் கோப்பையின் மேல் ‘ரெண்டே நாள்’ என்று எழுதித்தான் நீட்டுகிறாள்.

பழக்க தோஷம். முப்பத்தொரு வருடம் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓடி வராத குழந்தைக்காகவும் வண்டியை நிறுத்தி வைப்பார். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடும் பிள்ளைகள் அவர் தடத்தில் அதிகம். பின்னாலிருந்து பெரிய பையன்கள், “போலாம் தாத்தா, மணி அடிச்சிரும்” என்று கூச்சலிட்டால், “ரெண்டே நிமிஷம்டா, வந்துருவா” என்பார். எப்படியும் வந்துவிடுவாள். தலைமை ஆசிரியர் எழுதிய புகார்க் கடிதங்கள் பதினொன்று. ஒரு குழந்தையைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை என்பதில் அவருக்கு இருக்கும் கர்வம் சின்னக் கர்வமல்ல.

குழந்தை வந்துவிடும். ஈரம் கோத்த பூவுக்குள் பூஞ்சையும் வந்துவிடும் என்பதுதான் சிக்கல். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். போன வருடம் வில்பர்ட் பொறுத்தார், பூஞ்சை ஆண்டது. ஒன்பது நாள் கூடுதலாக நின்ற செடிகள், வெளியே பார்க்க மாப்பிள்ளைத் தோரணை. ஒரு கொழுத்த பூவைப் பிளந்ததும் உள்ளே பழுப்பாகக் குழைந்து சாம்பல் பறந்தது. நாலும் அப்படியே. குப்பையோடு போட்டுக் கொளுத்தினார். “வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியைப் போட்டு உடைச்சியேய்யா!” என்று ஆர்மான் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் களிம்பு இல்லை. பியூலா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஜனவரியில் ஆர்கன் வாசிப்பதை விட்டுவிட்டார். “நாப்பது வருஷம் வாசிச்சாச்சு. போர் அடிச்சிருச்சு” என்றார். வில்பர்ட் நம்பினார். போதகரின் மருமகன் கித்தாரோடு வந்து உட்கார்ந்தான். அன்று முதல் சபை விசுவாசத்தில் மட்டுமல்ல, பொறுமையிலும் வளர்ந்து வருகிறது.

அக்டோபர் இரண்டாம் திங்கள்கிழமை நன்றித் திருநாள். அதற்குள் வெட்டிக் கட்டித் தொங்கவிட்டுவிட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். இந்த வருடம் வானொலியும் அதையே சொன்னது: திருநாள் இரவு சுழியத்துக்குக் கீழே ஐந்து டிகிரி, புதனிலிருந்து ஒரு வாரம் மழை. திருநாள் மத்தியானம் வாட்டிய வான்கோழியைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது விருந்துக்கு வந்திருந்த ஆர்மான் ஆரம்பித்தார்.

“சாப்பிட்டுட்டு நேரா வெட்டப் போறோம். கத்தரிகூட நானே கொண்டாந்திருக்கேன்.”

“மூணு செடி சரி. கடைக்குட்டி இன்னும் ஆகலையே” என்றார் வில்பர்ட். நாலாவதுக்கு அவர் வைத்த பெயர் அது. மற்ற மூன்றும் தேன் நிறம் தட்டிய பிறகும் அது வெள்ளை வெளேரென்று புதுப் பூ விட்டுக்கொண்டிருந்தது. “வெட்டினா நாலையும் சேத்துத்தான் வெட்டணும். போர்வையைப் போட்டு மூடிட்டா ஒண்ணும் ஆகாது. ஏழு போர்வை எடுத்து வெச்சிருக்கேன்.”

“மழைக்கு? அதுக்கும் போர்வையா?”

“அதான் மெஷின் இருக்கே.”

“ஒரு வாரம் ராவும் பகலும் ஊதிக்கிட்டு நிப்பியா? உனக்குப் பைத்தியம்தான்யா புடிச்சிருக்கு.”

“ரெண்டே நாள், ஆர்மான். கண்ணாடியில பாத்தேன். வந்துரும்.”

பியூலா உருளைக்கிழங்கு மசியலை ஆர்மான் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். உப்பு எடுக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். கதவோரம் ஆர்மான் சாத்தி வைத்திருந்த நீளக் கைப்பிடிக் கத்தரியை எடுத்துக்கொண்டு அவர் பின்வாசல் வழியாக இறங்கிப் போவது சன்னலில் தெரிந்தது.

முதல் செடியின் அடித்தண்டுக்குக் கத்தரியைக் கொடுத்து அழுத்தினார். கத்தரியின் வாய் மூடவில்லை. ஒரு கைப்பிடியை வயிற்றோடு முட்டுக் கொடுத்து, இன்னொன்றை இரண்டு கையாலும் இழுத்தார். பட்டை மட்டும் லேசாகக் கீறியது. கத்தரி நழுவி இலைக்குள் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவருக்கு விரல்கள் மடங்கவில்லை. மாவு அள்ளுகிறவர்களைப் போல இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தூக்கப் பார்த்தார். மறுபடி விழுந்தது.

வில்பர்ட் கழுத்தில் துண்டோடு அப்படியே ஓடினார். ஒரே வீட்டில், ஒரே மேசையில், தினமும் பார்க்கிற கைகள். அவை ஒரு பொருளைத் தூக்கத் திணறுவதை அவர் பார்த்ததே இல்லை. பார்க்கும்படி பியூலா ஒருநாளும் வைத்ததில்லை.

“இவ்வளவு வலிக்குதா?”

“ம்.”

“எப்பலேர்ந்து?”

“போன வருஷம் நீ ரெண்டு நாள்னு சொன்னியே, அதுலேர்ந்து.”

கோபமாகச் சொல்லவில்லை. தேதி கேட்டதற்குத் தேதி சொன்னது போலத்தான் சொன்னார். பின்னாலேயே வந்துவிட்ட ஆர்மான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வில்பர்ட் குனிந்து கத்தரியை எடுத்து, அதன் வாயில் ஒட்டியிருந்த ஈர இலையைச் சட்டையில் துடைத்தார். பழுத்து நின்ற மூன்று செடிகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்தார். வெள்ளைப் பூ விட்டுக்கொண்டிருந்த கடைக்குட்டியின் முன்னால் மண்டியிட்டு, அடித்தண்டில் கத்தரியைக் கொடுத்து ஓங்கி அழுத்தினார்.