பிஸ்கட் டின்னில் மிஞ்சிய குளிசைகள்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டொக்டர் தந்த குளிசையில் பாதியைக் குடிப்போம். சுகம் கண்டதும் மீதியை அதற்குள் போட்டு வைப்போம். வீசினால் வீண்விரயம், அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்தவன் நான்தான்.

சென்ற நோன்பு மாதத்தில் மனைவிக்கு இருமல் பிடித்தது. அவளுக்கு ஏற்கெனவே சீனி வருத்தம், நீரிழிவு. டின்னைக் கிளறி, கிருமியைக் கொல்லும் குளிசை என்று எனக்குத் தெரிந்ததை எடுத்தேன். பகலில் விழுங்க முடியாதே. விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு இரண்டு, நோன்பு துறந்து இரண்டு என்று நானே தீர்மானித்துக் கொடுத்தேன். நாலாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. மறுநாள் ஸஹருக்குச் சோறு இறங்கவில்லை. சீனியைக் குறைக்கும் குளிசையை மட்டும் வழமைபோல விழுங்கினாள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தேன். குசினியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்தபடி தரையில் இருந்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை. சீனி பார்க்கும் மெஷினில் விரல் இரத்தம் வைத்துப் பார்த்தேன். சீனி பயங்கரமாக இறங்கியிருந்தது. கோப்பையில் சீனியைக் கரைத்து நீட்டினேன்.

"நோன்ப விடு புள்ள."

"நோன்பு துறக்கிற பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரந்தானே, பொறுங்களன்."

"ரெண்டு மணித்தியாலம் கிடக்கு!"

"முப்பதும் பிடிக்கிறவள் நான். உங்கட சீனித்தண்ணிக்கு விடயா?"

சொல்லும்போதே நாக்குக் குழறியது. கோப்பையை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"வருத்தக்காரருக்கு அல்லாஹ்வே விட்டுத் தந்திருக்கான். அவன விட மார்க்கம் தெரிஞ்சவளா நீ?" என்று கத்தினேன்.

கோப்பையை வாங்கினாள். பிஸ்மி சொல்லிக் குடித்தாள். கால்மணி நேரம் அவள் கையை விடாமல் இருந்தேன். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "கஞ்சி அடிப்பிடிக்குது, மணக்கலயா?"

அந்தப் பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டு, அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டொக்டரம்மா டின்னைப் பார்த்ததும் கொதித்துவிட்டார்.

"சும்மா இருமலுக்கு இது எதுக்கு காக்கா? குடலுக்குள்ள கோடிக்கணக்கில நல்ல கிருமி குடியிருக்கு. ஆர் எதிரி, ஆர் நம்மட ஆள் எண்டு உடம்புட காவல்காரருக்குப் பழக்கிக் குடுக்கிறதே அதுகள்தான். தின்னுறது செமிக்கிறதுலயும் சீனி ஏறி இறங்குறதுலயும் அதுகளுக்குப் பங்கிருக்கு. கள்ளன் வராத வீட்டுல நீங்க வீட்டுக்காரரச் சுட்டுப் போட்டீங்க. அதுக்கு மேல, வெறுவயித்துல சீனிக் குளிசை!"

"தயிர் குடுத்தாச் சரியாகுமா?"

"குடுங்க. ஆனா ஒரு சட்டித் தயிரால எல்லாம் திரும்பி வராது. காலம் எடுக்கும்."

வீண்விரயத்துக்குப் பயந்த நான், அல்லாஹ் அவளுக்குள் குடிவைத்ததையே அழித்திருந்தேன். அன்றைய தொழுகையில் மன்னிப்பைத் தவிரக் கேட்பதற்கு எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

வயிறு சரியாகப் பல வாரங்கள் போயின. பெருநாளுக்குப் பிறகு டொக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, விட்ட நோன்புகளைக் களாவாகத் திரும்பப் பிடிக்கத் தொடங்கினாள். முதல் நாள் நானும் கூடவே பிடித்தேன். அஸருக்குப் பிறகு குசினி வாசலில் போய் நின்றேன். அவள் தானாகவே விரலைக் குத்தி, மெஷினை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இஞ்சப் பாருங்க, நல்லாத்தான் இருக்கு. போய்க் குர்ஆன் ஓதுங்க."


போகவில்லை. பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்து ஓதினேன்.