பிடிபட்டதற்கு அத்தாட்சி

எல்லை கேட்டுக்கு அந்தப் பக்கம் துணி மலிவு; இந்தப் பக்கம் யானை விலை. அந்த வித்தியாசத்தைத் தலையில் சுமந்துதான் ஆமையக்கா பதினான்கு வருஷம் வயிறு வளர்த்தாள். அந்தப் பெயர் முழங்கால் வலியால் வந்தது. காவலர்கள் விசில் ஊதினால் மற்ற பெண்கள் மூட்டையோடு பறந்துவிடுவார்கள். இவள் நின்று, அபராதம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வீடு திரும்புவாள்.

ஒருநாள் கேட்டை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். பிழைப்பு போன எல்லைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை, தொழில் தொடங்கத் தையல் மெஷின் என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் மனு வாங்கினார்கள். ஒண்ணாம் வகுப்பு பெஞ்சில் காலை மடக்க முடியாமல் ஆமையக்கா உட்கார்ந்திருந்தாள்.

"மூட்டை சுமந்ததுக்கு என்னம்மா அத்தாட்சி?" என்றார் அதிகாரி.

பையிலிருந்து முப்பத்தேழு ரசீதுகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் தேதி, அரசு முத்திரை, 'துணி மூட்டை ஒன்று'. இவ்வளவு சுத்தமான சான்றிதழை அவர் பார்த்திருக்க மாட்டார் போலிருந்தது. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மற்ற ஏழு பெண்களின் மனுக்கள் திரும்பி வந்தன. பிடிபடாதவர்கள் ரசீதுக்கு எங்கே போவார்கள்? அவர்களில் ஒருத்தி இவளுடைய நாத்தனார். மூன்று வருஷத்துக்கு முன் விசில் கேட்டதும் இவளைத் தள்ளிவிட்டு ஓடியவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது வாசலில் வந்து நின்று "அண்ணி" என்றாள்.

ஆமையக்கா அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ரெடியா இரு. மத்தவளுங்களையும் கூட்டிட்டு வா."

மறுநாள் அதிகாரி முன் ஏழு பெண்களையும் நிறுத்தினாள். "இவங்க மூட்டை தூக்கினதுக்கு நான் சாட்சி சார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பதினாலு வருஷம் இவங்க முதுகைத்தான் பார்த்தேன். எல்லாரும் எனக்கு முன்னாலதானே ஓடினாங்க."

"இவங்களும்?" நாத்தனாரைக் காட்டினார்.

"இவதான் முதல் ஆளு. என்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடினா. அதையும் எழுதிக்கோங்க."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். நாத்தனார் தலை நிமிரவில்லை.

ஏழு பேருக்கும் உதவித்தொகை கிடைத்தது. மெஷின்கள் ஆறு மாதம் கழித்து வந்தன. இரண்டில் ஊசி இல்லை. இப்போது எட்டுப் பேரும் ஒரு வாடகை ஷெட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். ஆமையக்காவுக்குப் பக்கத்து மெஷின் நாத்தனாருடையது. இருவரும் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். பெரும்பாலும் சண்டைதான்.