தங்கையின் இடது கண்

என் தங்கையின் இடது கண் பிறந்ததிலிருந்தே காதுப் பக்கம் ஒதுங்கி நிற்கும். ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் அதை அறுவை செய்து நேராக்கினார்கள். அவளுக்கு அப்போது ஆறு வயது. அறுவை செய்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான் என்பதால், நான் சொன்னால் அப்பா கேட்பார்.

அம்மாவுக்கு மனமில்லை. மாறுகண் பிள்ளை வீட்டுக்கு யோகம் என்பார்கள் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில். தங்கை பிறந்த வருஷம்தான் அப்பாவைப் பால்வெட்டிலிருந்து கூலி கூடுதலான புகைக்கொட்டகை வேலைக்கு மாற்றினார்கள். அந்த வேலையைக் கொண்டுவந்ததே அந்தக் கண்தான் என்று அம்மா நம்பினாள்.

கட்டு அவிழ்த்த அன்று மருந்து கட்டும் தமிழ் டிரெஸர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"தம்பி, கத்தி வேலை பாதிதான். மிச்சம் உங்க கையில இருக்கு. தினம் ரெண்டு மணி நேரம் நல்ல கண்ணத் துணியால கட்டிடணும். அப்பத்தான் சோம்பேறிக் கண்ணு வேலை செய்யும். அப்புறம் துணிய எடுத்துட்டு, ரெண்டு கண்ணாலயும் பென்சில் முனையப் பாக்கச் சொல்லி, மெதுவா மூக்குக்கிட்டக் கொண்டு வாங்க. கண்ணு வழுக்குனா மறுபடி மொதல்லேருந்து. ரெண்டு மூணு வருஷம் விடக்கூடாது. விட்டா கண்ணு பழைய இடத்துக்கே போயிடும், பார்வையும் மங்கிடும்."

ஜப்பான் சண்டை வந்தது. ஈப்போ போவது நின்றது. பயிற்சியை மட்டும் நான் நிறுத்தவில்லை. துணி கட்டியிருக்கும் நேரத்தில், அரிசி கிடைத்தவரை கல் பொறுக்கச் சொன்னேன். அரிசி நின்றபின் மரவள்ளி மாவில் பூச்சி பொறுக்கினாள். ஒற்றைக் கண்ணோடு அவள் படியில் நின்றால் லயத்துப் பிள்ளைகள், "ஜப்பான் கப்பித்தான் வர்றாரு, எல்லாரும் குனிங்கடா!" என்று கத்துவார்கள். அவள் அழமாட்டாள். "டேய், இன்னும் கீழ குனி! இல்லாட்டி அறைஞ்சிருவேன்லா!" என்று இடுப்பில் கைவைத்து அதட்டுவாள். ஒரு வருஷத்துக்குள் பென்சில் முனை மூக்குக்கு நாலு விரல் தூரம் வரும்வரை அவள் கண் வழுக்காமல் நின்றது.

அதன் பிறகுதான் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டான். வீட்டுக்கு ஓர் ஆள். எங்கள் வீட்டில் போகக்கூடியவர்கள் அப்பாவும் நானும். என் துணியை நான் மூட்டை கட்டினேன். அப்பா அதை அவிழ்த்து என் சட்டைகளைத் திரும்பக் கொடியில் போட்டார்.

"நீ போயிட்டா பாப்பா கண்ண யாரு பாக்குறது? எனக்குப் பென்சிலே பிடிக்கத் தெரியாதுலா. நீ இரு, நான் போயிட்டு வாரேன்."

"அப்பா, அங்க ரொம்ப சுசாவாம், கஷ்டப்படுத்துறாங்களாம்."

"இங்க மட்டும் என்ன வாழுது?" என்று சிரித்தார்.

மூன்று மாதம் என்றார்கள். ஆறு மாதமாயிற்று. ஒரு சேதியும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் காதுபடவே பேசினாள். "யோகத்த அறுத்து எறிஞ்சிட்டு வந்தான் படிச்சவன். இப்ப பாரு, ஆம்பளையும் இல்ல."

அந்தச் சமயம்தான் தங்கையின் கண் பின்வாங்கத் தொடங்கியது. நாலு விரல் ஒரு சாணாயிற்று. என் கை நடுங்குகிறதோ என்று எண்ணி, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு பென்சிலைப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் வழுக்கியது. ஒருநாள் கிழங்குக் கொல்லையிலிருந்து மத்தியானமே திரும்பினேன். நான் வலது கண்ணில் கட்டிவிட்டுப் போன துணி இடது கண்ணில் இருந்தது. அம்மா அடுப்படியில் குனிந்திருந்தாள்.

"யாரும்மா மாத்திக் கட்டுனது?"

"நான்தான்."

"அந்தக் கண்ணு செத்துப் போயிடும்மா!"

"சாவட்டும். உங்கப்பா வரட்டும். கண்ணு எப்படி இருந்துச்சோ அப்படியே ஆயிடுச்சுன்னா, போனவரு வந்துருவாரு. எனக்கு வேற என்னய்யா தெரியும்?"

தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, அம்மாவத் திட்டாத. நானும் கண்ண அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். ரொம்ப வலிக்குது. சீக்கிரம் போகமாட்டேங்குது."

துணியை அவிழ்த்து வலது கண்ணிலேயே கட்டினேன். அதன்பின் ஒரு மாதம், கொல்லைக்குப் போகும்போதும் அவளைக் கையோடு கூட்டிப்போனேன். அம்மா என்னோடு பேசவில்லை.

பிறகு சிலிம் ரிவரில், சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவரைப் பார்க்கப் போனேன். அப்பா இருந்த முகாம் எது என்று சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அங்க வாந்திபேதி தம்பி. படுத்துக் கிடந்தவங்களக் கொட்டகையோட கொளுத்துனாங்க. உங்கப்பா இருந்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

வீட்டில் அதைச் சொல்லவில்லை. அன்று தங்கைக்குத் துணியும் கட்டவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். மறுநாள் காய்ச்சல் இல்லை. மறுநாளும் கட்டவில்லை. அம்மா அதைக் கவனித்தாள். அன்று சாயங்காலம் வெகுநாளுக்குப் பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

நான் நம்பினேனா? படித்தவன் நம்பக்கூடாது. ஆனால் சில வாரங்களில் அந்தக் கண் மெல்லக் காதுப் பக்கம் நகர்ந்தபோது, நான் பயப்படவில்லை. வாசலைப் பார்த்தேன்.

சண்டை முடிந்து, சயாமில் மிஞ்சியவர்கள் லாரியில் பீடோருக்கு வந்தார்கள். மூன்று லாரிகள் வந்தவரை நாங்கள் மூவரும் போய் நின்றோம். அதன் பிறகு அம்மா வரவில்லை.

தங்கையை மறுபடி ஈப்போவுக்குக் கூட்டிப்போனபோது அவளுக்குப் பத்து வயது. டாக்டர் அவள் வலது கண்ணைப் பொத்தி விரல்களைக் காட்டினார். அவள் தயங்கித் தயங்கி ஓர் எண்ணைச் சொன்னாள். தப்பு. இன்னொன்று சொன்னாள். அதுவும் தப்பு. இனி மறுபடி அறுத்து நேராக்கினாலும் பார்வை வராது என்று டாக்டர் சொன்னதை, அங்கிருந்த டிரெஸர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். முன்பு இருந்தவர் அல்ல, வேறொருவர். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"நல்லா நேரா வந்த கண்ணு. பயிற்சிய யாரு நிறுத்துனது?"

அம்மா வாய் திறந்தாள்.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச பையன் மாதிரி இருக்க. உனக்கு எதுக்கு இந்தப் புத்தி?"

அவர் சீட்டில் ஏதோ எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.